நடிப்பும் வெற்றியும்: மற்போர் வீடியோ விளையாட்டுகள் எழுப்பும் ஓர் அறவினா

தொழில்முறை மற்போரையும் அதனைத் திரையில் உருவகித்துக் காட்டும் வீடியோ விளையாட்டுகளையும் பொருளாகக் கொண்டு அறவியற் கட்டுரையொன்று எழுதப்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். முன்னையது நாடகமா போட்டியா எனத் துணிய இயலாத ஒரு கேளிக்கை. பின்னையது அக்கேளிக்கையின் போலி. போலியின் போலியை ஆராய்வதால் உண்மை எதுவும் புலப்படாது என்று பிளேட்டோவின் வழிவந்தோர் கூறுவர். எனினும், இவ்விளையாட்டுகளிற் பல ஆண்டுகளாக ஈடுபாடு கொண்ட ஒருவன் என்ற வகையில் என்னை நெடுநாளாக உறுத்திவரும் வினா ஒன்றுண்டு. எந்த விதியையும் மீறாமல் ஒருவன் ஒரு விளையாட்டைக் கெடுத்துவிட முடியுமா? முடியுமாயின், அவன் மீறியது யாது? இவ்வினாவை ஆராய்வதற்கு மற்போர் வீடியோ விளையாட்டு மிகவும் பொருத்தமானதொரு களம் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் மூலப்பொருளாகிய மற்போரைப் பற்றிச் சில கூறுதல் வேண்டும். தொழில்முறை மற்போரில் முடிவு முன்னரே தீர்மானிக்கப்படுகிறது. யார் வெல்வது, எவ்வாறு வெல்வது என்பன கோதாவில் இறங்குவதற்கு முன்பே இருவருக்கும் தெரியும். இவ்வுண்மையை வெளியாரிடமிருந்து மறைத்துப் பகையை மெய்ப்பகை போலக் காத்துவரும் வழக்கத்தை அத்துறையினர் 'கேஃபேப்' என்னும் குழூஉக்குறியாற் சுட்டுவர். ஆயின் இம்மறைப்பு அமெரிக்காவில் அரசவை முன்னிலையிலேயே கலைக்கப்பட்டது. 1989ஆம் ஆண்டில், விளையாட்டுப் போட்டிகளுக்குரிய அரசக் கட்டுப்பாடுகளிலிருந்து விடுபடும் பொருட்டு, உலக மற்போர்ச் சம்மேளனம் என்ற நிறுவனம் தனது நிகழ்ச்சிகள் போட்டிகளல்ல, பொழுதுபோக்கே என்று நியூ ஜேர்சி மாநிலச் செனற் சபையின் முன் ஒப்புக்கொண்டது. அதன் பின்னும் பார்வையாளர் குறைந்துவிடவில்லை. அடுத்த பத்தாண்டின் பிற்பகுதியிலேயே அத்தொழில் பெருவளர்ச்சி கண்டது. இதற்கான காரணத்தைப் பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலண்ட் பார்த் 1957ஆம் ஆண்டிலேயே விளக்கியிருந்தார். அன்றாட வாழ்வின் தொன்மங்கள் பற்றிய தமது நூலின் முதற் கட்டுரையை மற்போருக்கு ஒதுக்கிய அவர், மற்போர் ஒரு விளையாட்டுப் போட்டி அன்று, அது ஒரு காட்சி என்றார். துன்பம், தோல்வி, நீதி என்பனவற்றை ஐயத்திற்கிடமின்றிக் கண்முன் காண்பதற்கே மக்கள் அங்குக் கூடுகின்றனர் என்பது அவர் முடிபு.

பார்த் பார்வையாளரின் இருக்கையிலிருந்து மற்போரை நோக்கினார். கோதாவின் உள்ளிருந்து நோக்குமிடத்து வேறொன்று புலனாகின்றது. தூக்கி எறியப்படும் மல்லன் எறிபவனின் பலத்தினால் மட்டும் மேலெழுவதில்லை. தானும் துள்ளி அவனுக்கு உதவுகிறான். விழும்போது நாடியை நெஞ்சோடு சேர்த்து, முதுகு முழுவதும் ஒரே வேளையில் தளத்திற் படுமாறு விழுகிறான். அதனால் அதிர்ச்சி ஓரிடத்திற் குவியாது பரவிச் செல்கிறது. எறிபவனோ எதிராளியின் தலையையும் கழுத்தையும் காக்கும் பொறுப்பைத் தன்மேல் ஏற்கிறான். 'பைல்டிரைவர்' எனப்படும் பிடியில் எதிராளி தலைகீழாகப் பற்றப்பட்டு நிலத்தோடு மோதுண்பது போலத் தோன்றும். உண்மையில் அவனது தலை, பற்றியிருப்பவனின் தொடைகளுக்கிடையே நிலத்தைத் தொடாத உயரத்தில் இருத்தல் வேண்டும். அவ்வுயரம் சில அங்குலந்தான். அந்தச் சில அங்குலத்தில் ஒரு மனிதன் தன் உயிரை மற்றொருவனின் கையில் ஒப்படைத்திருக்கிறான்.

அது தவறிய ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுவது ஈண்டுப் பொருத்தமாகும். 1997 ஓகஸ்ட் 3ஆம் திகதி நியூ ஜேர்சியில் நடைபெற்ற 'சமர்சிலாம்' நிகழ்ச்சியில் ஓவன் ஹார்ட் என்பார் ஸ்டீவ் ஒஸ்ரின் என்பாரை இத்தகைய பிடியொன்றினால் வீழ்த்தியபோது, ஒஸ்ரினின் தலை நிலத்தில் மோதிக் கழுத்துத் தாக்குண்டது. சிறிது நேரம் அவர் கைகால்களை அசைக்க இயலாது கிடந்தார். தீர்மானிக்கப்பட்ட முடிவின்படி வெல்லவேண்டியவரோ அவரே. பகைவனாக வேடம் பூண்டிருந்த ஹார்ட் அப்போது செய்தது கூர்ந்து நோக்கற்பாலது. அவர் ஒஸ்ரினை மேலும் தாக்கவில்லை. பார்வையாளரை நோக்கி இறுமாப்புக் காட்டியும் கேலி பேசியும் காலத்தைக் கடத்தினார். ஒஸ்ரின் மெல்ல ஊர்ந்து வந்து பின்புறமாக வலுவின்றிப் பற்றி மடக்கியபோது, ஹார்ட் தாமாகச் சரிந்து, மூன்று எண்ணப்படும்வரை எழாமற் கிடந்தார். விபத்துக்குக் காரணர் அவரே என்பது மறுக்கற்பாலதன்று. ஆயினும், பகைவனின் முகத்தைக் கலைக்காமலே அவர் ஒருவருக்கு அவகாசம் அளித்தார்; தோற்பதன் மூலம் அவரைக் காத்தார். மற்போரின் சாரம் எதுவெனக் கேட்கப்படின் நான் இந்நிகழ்ச்சியையே காட்டுவேன்.

இனி வீடியோ விளையாட்டுக்கு வருவோம். 2000ஆம் ஆண்டு நவம்பரில் நின்டென்டோ 64 என்னும் கருவிக்காக வெளிவந்த 'நோ மேர்சி' என்ற விளையாட்டை இவ்வகையினுள் தலையாயது என இன்றும் பலர் கருதுவர். ஏகேஐ என்னும் யப்பானிய நிறுவனம் அதனை ஆக்கியது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஒஸ்ரின் கழுத்தில் அறுவைச் சிகிச்சைக்கு உட்பட நேர்ந்தது. ஆண்டின் இறுதியில் வெளிவந்த விளையாட்டிலே அவரது உருவம் எத்தனை முறை தலைகீழாக மோதுண்டாலும் அடுத்த ஆட்டத்தில் முழு நலத்தோடு எழுந்து வருகிறது. இது இயல்பே, உருவத்திற்குக் கழுத்தெலும்பு இல்லை. எனது கவனத்தைக் கவர்ந்தது பிறிதொன்று. கோதாவில் பகை பொய், ஒத்துழைப்பு மெய். திரையிலோ இவை இடம் மாறிவிடுகின்றன. இரு ஆட்டக்காரரும் உண்மையாகவே ஒருவரையொருவர் வெல்ல முயல்கின்றனர். முடிவை எவரும் தீர்மானித்து வைக்கவில்லை. வீசப்படுபவன் வீசுபவனுக்கு உதவுவதில்லை. மல்லர்கள் பொய்யாகக் காட்டிய பகையை விளையாட்டு மெய்யாக்கிவிட்டது. அவர்கள் மெய்யாகக் கொண்டிருந்த நம்பிக்கையைப் படியெடுக்க அதற்கு வழி தெரியவில்லை.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் ரொஜே கையுவா 1958இல் வெளிவந்த தமது நூலில் விளையாட்டுகளைப் போட்டி, தற்செயல், பாவனை, கிறுகிறுப்பு என நால்வகைப்படுத்தினார். இப்பாகுபாட்டைக் கொண்டு நோக்கின், மற்போர் போட்டியின் வேடம் புனைந்த பாவனை. மற்போர் வீடியோ விளையாட்டு பாவனையின் வேடம் புனைந்த போட்டி எனலாம்.

இவ்வாறு கூறுவதால் 'நோ மேர்சி'யை ஆக்கியோர் மூலத்தை அறியாதவர் என்று கருதுதல் தவறாகும். ஒவ்வொரு மல்லருக்கும் அவரது ஊக்கத்தைக் காட்டும் ஓர் அளவுக்கோடு திரையில் உண்டு. அது நிரம்பிய நிலையிலும் சிறப்புப் பிடியை உடனே மேற்கொள்ள முடியாது. எதிராளியைக் கேலிசெய்யும் அபிநயம் ஒன்றை முதலிற் செய்தல் வேண்டும். வெறும் போட்டிக்கு இந்த அபிநயம் தேவையற்றது; காட்சிக்கோ அது இன்றியமையாதது. மேலும், பட்டத்திற்கான கதைத்தொடர்களில் ஓர் ஆட்டத்தில் தோற்றாலும் கதை முடிந்துவிடுவதில்லை. வேறொரு கிளையாகப் பிரிந்து தொடர்கின்றது. எல்லாக் கிளைகளையும் கண்டு நூறு வீதம் நிறைவுசெய்ய விரும்பும் ஆட்டக்காரர் சில ஆட்டங்களில் தோற்றேயாக வேண்டும். தோல்வியும் கதையின் ஒரு பகுதியே என்ற மற்போரின் அறிவு இங்கு மங்கலாகவேனும் பதிவாகியுள்ளது.

இவ்விளையாட்டை நானும் நண்பர் ஒருவரும் மாலை வேளைகளில் ஆடிவந்தோம். விழுந்த எதிராளி எழும் கணத்தைக் குறிவைத்து ஒரே தாக்குதலைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் அவர் மீளுதல் அரிது என்பதை ஒருநாள் கண்டுகொண்டேன். அன்று தொடர்ச்சியாகப் பத்துக்கு மேற்பட்ட ஆட்டங்களில் வென்றேன். சில ஆட்டங்கள் இரண்டு நிமிடமும் நீடிக்கவில்லை. இறுதியில் நண்பர் கைக்கருவியை நிலத்தில் வைத்துவிட்டு, "நீ என்னோடை விளையாடேல்லை. தனியத்தான் விளையாடுறாய்" என்றார். அவர் தோல்வியைத் தாங்காதவர் அல்லர். அதற்கு முன்னரும் பலமுறை தோற்றிருக்கிறார், தோற்றபோது சிரித்திருக்கிறார். நான் எந்த விதியையும் மீறவில்லை என்று அவருக்கு மறுமொழி கூறினேன். அது உண்மையே. ஆனால் அன்றிரவு அவரது கூற்றே என் மனத்தில் நின்றது.

ஒல்லாந்த அறிஞர் ஜொஹான் ஹுய்சிங்கா 1938இல் வெளியிட்ட தமது நூலில் ஏமாற்றுபவனையும் விளையாட்டைக் கலைப்பவனையும் வேறுபடுத்தினார். ஏமாற்றுபவன் விதிகளை மறைவில் மீறினும் வெளியில் அவற்றை மதிப்பவன் போல நடந்துகொள்கிறான். ஆதலால் விளையாட்டின் உலகு சிதையாது நிற்கிறது. கலைப்பவனோ அவ்வுலகையே ஏற்க மறுக்கிறான். ஆகவே சமூகம் முன்னவனைவிடப் பின்னவனையே கடுமையாக வெறுக்கிறது. இவ்விரு வகையினுள்ளும் அன்றைய என்னை அடக்க இயலாது. நான் ஏமாற்றவில்லை, விளையாட்டின் உலகை மறுக்கவுமில்லை. அதன் விதிகளை மிக நுணுக்கமாக ஏற்று, அவற்றின் துணைகொண்டே அதனை வெறுமையாக்கினேன். அவ்வாறாயின் விதிகளுக்கு அப்பால், விதிகளுக்கு முன்னரே, ஆட்டக்காரர் இருவரிடையே ஓர் உடன்பாடு இருந்திருத்தல் வேண்டும். அது எங்கும் எழுதப்படாதது. மற்றவனும் ஆடுவதற்கு இடமளிப்பேன் என்பதே அவ்வுடன்பாடு. மற்போர் மல்லர் இதனைத் தொழிலறிவாகப் பெற்றுள்ளனர். எதிராளிக்கு உரிய முறை வழங்காது தன் பலத்தையே காட்டும் மல்லனோடு இணைந்து ஆட அவர்கள் விரும்புவதில்லை.

இங்கு இரண்டு தடைகள் எழுப்பப்படலாம். முதலாவது தடை வருமாறு: வீடியோ விளையாட்டிற் புண்படுவோர் எவருமில்லை, புண்படாத இடத்தில் அறத்திற்கு வேலையுமில்லை. இத்தகைய விளையாட்டுகளைக் கண்டிப்போர் வழமையாக வன்முறையையே சுட்டுவராதலின் இத்தடை அவர்களுக்கு ஏற்ற மறுமொழியாகலாம். நான் எழுப்பும் வினா உருவங்களைப் பற்றியதன்று. கைக்கருவியைப் பிடித்திருக்கும் இரு மனிதரைப் பற்றியது. திரையில் எவரும் புண்படாமையே அவர்களது பொறுப்பை எளிதில் மறைத்துவிடுகிறது. கோதாவில் எதிராளியை மறந்த மல்லன் உடனே அதன் விளைவைக் காண்பான். உடலே அவனுக்கு ஆசிரியன். திரையின் முன் இருப்பவனுக்கு அவ்வாசிரியன் இல்லை. பக்கத்தில் இருப்பவனின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை அவன் தானாகவே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது தடை வலுவானது. மற்போரில் ஒத்துழைப்பு என்று நான் போற்றுவது உண்மையில் முதலாளியின் ஆணைக்குக் கீழ்ப்படிதலேயன்றோ? அங்கு வெற்றி திறமைக்குக் கிடைப்பதில்லை. நிறுவனம் விரும்பியவனுக்கே கிடைக்கிறது. 1997 நவம்பர் 9ஆம் திகதி மொன்றியல் நகரில், மற்றொரு நிறுவனத்திற்குச் செல்லவிருந்த பட்டம் பெற்ற மல்லர் பிரெட் ஹார்ட், தமக்குக் கூறப்பட்ட முடிவை நம்பிக் கோதாவில் இறங்கினார். ஷோன் மைக்கல்ஸ் அவரைப் பிடியில் வைத்திருந்த வேளை, அவர் தோல்வியை ஏற்றுக்கொள்ளாதிருக்கவே, உரிமையாளர் வின்ஸ் மக்மகனின் ஆணையால் மணி அடிக்கப்பட்டது; பட்டம் கைமாறியது. எதிராளியின் கையில் உடலை ஒப்படைக்கும் அதே நம்பிக்கை அன்று அவரை வீழ்த்தும் கருவியாகப் பயன்படுத்தப்பட்டது. வீடியோ விளையாட்டில் இத்தகைய துரோகம் நிகழ முடியாது. அங்கு வென்றவன் வென்றவனே. அவ்வகையில் மூலத்தைவிடப் போலியே நேர்மையானது என்று வாதிக்கலாம்.

இவ்வாதத்தில் உண்மை உண்டு. அதனை நான் மறுக்கவில்லை. ஆயின் அதன் முழுப்பொருளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மொன்றியலில் நடந்தது துரோகம் என்று இன்றளவும் பேசப்படுவதற்குக் காரணம் அங்கு ஒரு நம்பிக்கை இருந்தமையே. எவரும் எவரையும் நம்ப வேண்டாத ஓர் அமைப்பில் துரோகம் நிகழாது, நட்பும் நிகழாது. பொறி நமக்கு அளிக்கும் நேர்மை, துரோகத்திற்கான வாய்ப்பையும் நட்பிற்கான வாய்ப்பையும் ஒருங்கே அகற்றிப் பெற்ற நேர்மையாகும். அது சிறியதொரு நன்மையன்று. எனினும் நம்பிக்கையால் விளையும் நன்மைக்கு அதனை ஈடாகக் கொள்ள முடியாது.

அங்ஙனமாயின், விளையாட்டு ஒத்துழைப்பைக் கட்டாயமாக்கினால் குறை தீர்ந்துவிடுமா? அதுவும் முயன்று பார்க்கப்பட்டுள்ளது. 2013இல் வெளியான 'டபிள்யூ.டபிள்யூ.ஈ. 2கே14' என்ற விளையாட்டு, முப்பது ஆண்டுக்கால 'ரெசில்மேனியா' நிகழ்ச்சிகளின் புகழ்பெற்ற ஆட்டங்களை மீள நிகழ்த்துமாறு ஆட்டக்காரரைப் பணித்தது. வரலாற்றில் எந்தப் பிடி எந்த இடத்தில் இடம்பெற்றதோ அதனை அவ்வாறே செய்துகாட்ட வேண்டும். 2023இல் வந்த அதன் வழித்தோன்றல் ஒன்றில், ஜோன் சீனா என்ற மல்லரின் வரலாற்றை அவரை வென்றவர்களின் வேடத்தில் நின்று ஆட நேர்கிறது. இது சுவையான கற்பனையே. ஆயினும் இத்தகைய பகுதிகளை ஆடும்போது ஒருவகைச் சோர்வை உணர்ந்தேன். இங்கு எதிரில் மனிதன் இல்லை. நிறைவேற்ற வேண்டிய கட்டளைகளின் பட்டியலே உண்டு. ஓவன் ஹார்ட் ஒஸ்ரினுக்கு அவகாசம் அளித்தது எந்தப் பட்டியலிலும் இருந்ததன்று. மறுக்கவும் கூடிய நிலையில் ஒருவன் மனமுவந்து தருவதே ஒத்துழைப்பு. கட்டளையாக வருவது அதன் புறவடிவம் மாத்திரமே.

கட்டற்ற போட்டிக்கும் கட்டளைக்கும் இடைப்பட்ட ஒரு வழியைக் காண முயன்றவர் யப்பானியரான மசாட்டோ மசுடா ஆவர். 1986இல் நின்டென்டோவுக்காக 'புரோ ரெசிலிங்' என்ற விளையாட்டை ஆக்குவதில் பங்குகொண்ட அவர், 1989இல் 'ஃபயர் புரோ ரெசிலிங்' என்ற நீண்ட தொடரைத் தோற்றுவித்தார். இத்தொடரில் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே பெரும் பிடிகளை முயல்பவன் எளிதில் முறியடிக்கப்படுவான். சிறு பிடிகளிலிருந்து படிப்படியாக மேற்செல்லுதல் வேண்டும். 2017இல் வெளிவரத் தொடங்கிய 'ஃபயர் புரோ ரெசிலிங் வேர்ல்ட்' என்பதில், ஆட்டம் முடிந்ததும் அதன் தரம் வீதக் கணக்கில் மதிப்பிடப்படுகிறது. அம்மதிப்பு வென்றவனுக்கு மட்டும் உரியதன்று; ஆட்டம் முழுமைக்கும் உரியது. ஒருவன் மற்றவனைச் சட்டென முடித்துவிடும்போது அது தாழ்கிறது. இருவரும் மாறிமாறி வீழ்ந்தெழும்போது உயர்கிறது. இதனை ஆடுவோருட் பலர் தாம் உருவாக்கிய மல்லர்களின் நடத்தையை நுணுக்கமாக வகுத்துக் கொடுத்துவிட்டு, கணினியே இருபுறமும் ஆட, தாம் பார்வையாளராக இருந்து மகிழ்கின்றனர். வெற்றி என்ற ஒன்றே அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

இத்தொடரைச் சேர்ந்ததாக 1994இல் வெளிவந்த ஒன்றின் கதையை எழுதியவர் கொய்ச்சி சுடா. அதன் நாயகன் படிப்படியாக உயர்ந்து உலகப் பட்டத்தை அடைகிறான். அவ்வழியில் தன்னோடிருந்தவர்களை இழக்கிறான். இறுதியில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறான். ஆட்டக்காரர் எல்லா ஆட்டங்களிலும் வென்றதன் பயனாகக் காணும் முடிவு இது. பலருக்கு அது அதிர்ச்சியளித்தது. அம்முடிவை நான் விரும்புபவனல்லன். வெற்றியின் வெறுமையைக் காட்ட அத்துணைக் கொடுமை தேவையில்லை என்றே எண்ணுகிறேன். நண்பர் நிலத்தில் வைத்த கைக்கருவியே அதனை எனக்குக் காட்டிற்று.

இதுகாறும் கூறியவற்றிலிருந்து பெறப்படும் முடிபைத் தொகுத்துக் கூறலாம். விளையாட்டின் விதிகள் எதனைச் செய்யலாகாது என்பதை வரையறுக்கின்றன. எவரோடு ஆடுகிறோம் என்பதை அவை நினைவூட்டுவதில்லை. விதியை மீறாது விளையாட்டைக் கெடுப்பவன், தன் வெற்றிக்கு மற்றவன் வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டு, மற்றவனுக்கும் அவ்வாட்டத்திற் பங்குண்டு என்பதை ஏற்க மறுப்பவனாவான். அவன் மீறியது இரு மனிதர் ஆடத் தொடங்கும் கணத்திலேயே தோன்றிவிடும் ஒரு கடப்பாட்டை. தேர்வு மண்டபத்திலும், விவாத மேடையிலும், தொழிலிலும் ஒருவரையொருவர் வெல்லுமாறு பயிற்றப்படும் நமக்கு இக்கடப்பாடு பெரிதும் மறந்துபோன ஒன்று. விவாதத்தில் எதிராளியின் வாதத்தை அதன் வலுவான வடிவில் எடுத்துரைக்க இடமளித்த பின்னரே மறுப்பவனும், அதனை வளரவிடாது முதற் சொல்லிலேயே மடக்குபவனும் ஒருவரல்லர். இருவரும் விதிப்படியே வென்றிருக்கலாம். ஆயினும் முன்னவனோடு மீண்டும் விவாதிக்கவே நாம் விரும்புவோம்.

சில வாரங்களின் பின்னர் நண்பரும் நானும் மீண்டும் அவ்விளையாட்டை ஆடினோம். அந்தத் தாக்குதலைப் பயன்படுத்துவதில்லை என்று நாங்கள் பேசி முடிவுசெய்யவில்லை. நான் அதனைப் பயன்படுத்தவில்லை, அவ்வளவே. அவர் விழுந்தபோது எழும்வரை நின்றேன். நான் விழுந்தபோது அவரும் நின்றார். நின்ற வேளையிற் பார்வையாளரை நோக்கித் தம் மல்லனை இறுமாப்போடு கையசைக்கச் செய்தார். ஓவன் ஹார்ட்டின் அந்நிகழ்ச்சியை அவர் அறிந்திருந்தாரோ என்னவோ, நான் கேட்கவில்லை. ஆட்டம் அரைமணி நேரத்திற்கு மேல் நீடித்தது. இறுதியில் தோற்றவன் நான். கைக்கருவியை வைத்துவிட்டு எழ முயன்றபோது, "இன்னொருக்கால் விளையாடுவம்" என்று நண்பரே கூறினார்.